பிறர் பொருட்டு நட்ட மரம்

கழுகுமலைப் பாறையில் கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பட்ட சமணத் திருமேனிகளின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் அவற்றைச் செய்வித்தோரின் பெயர்களைத் தருகின்றன. சில, எவர் நன்மை கருதிச் செய்விக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே கூறுகின்றன. தச்சர், குயவர், கொல்லர் முதல் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர் வரை பலரும் இடம்பெறும் அந்தக் கொடைகளில், ஒருவர் செய்த அறத்தின் பயன் மற்றொருவரைச் சேரும் என்ற நம்பிக்கை புலப்படுகிறது. ஆனால் சமணத்தின் வினைக்கோட்பாடு, வினை என்பது உயிரின்மீது படியும் நுண்பொருள் என்றும், அதைச் சேர்த்த உயிரே நோன்பாலும் தவத்தாலும் உதிர்த்தாக வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. நன்மையைப் பகிரலாம், தீவினையைக் கைமாற்ற முடியாது என்ற இந்த வேறுபாடு, அம்மலையைச் சூழ்ந்த கரிசல் காடுகளில் நாட்டு மரம் வளர்த்துக் கார்பன் வரவு பெறும் முயற்சிக்கும் உரைகல்லாகும்.

கார்பன் வரவு என்பது ஒரு டன் கரியமில வாயு காற்றிலிருந்து அகற்றப்பட்டது அல்லது வெளியேறாமல் தடுக்கப்பட்டது என்பதற்கான சான்று. அதை விலைகொடுத்து வாங்கும் நிறுவனம் தான் வெளியேற்றிய ஒரு டன்னுக்கு ஈடாகக் காட்டிக்கொள்கிறது. 1997இன் கியோட்டோ உடன்படிக்கையால் உலக வழக்குக்கு வந்த இம்முறைக்கு இந்தியா 2023இல் தனக்கெனத் திட்டம் வகுத்தது.

கரிசலோ எளிதில் வாக்குக் கொடுக்கும் மண் அன்று. கோடையில் அது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கையில் இளங்கன்றின் வேர்கள் அறுபடுகின்றன; வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கம்பும் உளுந்தும் பருத்தியும் கருகும் அதே புஞ்சையில் கன்றும் கருகுகிறது. நிலக்கரியை எரித்ததால் வெளியேறிய வாயுவில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றில் தங்க, அதற்கு ஈடாக நின்ற வேம்பும் வாகையும் ஒரு பஞ்சத்திலோ ஒரு கோடரியிலோ முடிந்துவிடக்கூடும். டன் கணக்கு மட்டுமே நோக்கமானால், வறட்சியைத் தாங்கி விரைந்து வளரும் சீமைக்கருவேலமே போதும். கரிமூட்டக்காரர் அதை வெட்டி எரிக்கும்வரை கணக்கும் நேராகவே இருக்கும். ஆகவே நாட்டு மரத்தைத் தேர்பவர் நிழல், தழை, பறவை, மண் எனக் கணக்குக்கு அப்பாற்பட்ட நன்மைகளையும் வேண்டுகிறார்.

இதனினும் கூரிய கேள்வி ஒன்றுண்டு. வரவுத் திட்டம் இல்லாவிடில் நடந்திராத செயலுக்கே வரவு தரப்படும் என்பது விதி; இதனைக் கூடுதல் தன்மை என்பர். விதி தன்னளவில் நேர்மையானதே. எனினும் தலைமுறைகளாக வரப்பு வேம்பை வெட்டாது காத்த சம்சாரிக்கு அதன்படி ஒன்றும் கிடைப்பதில்லை. மரத்தையும் தொடுவுணர்வுடைய ஓரறிவுயிராக மதித்து, ஊறு செய்யாதிருத்தலையே முதல் நோன்பாக வைத்த சமணருக்கு இது விந்தையாகத் தோன்றியிருக்கும்.

மானாவாரி உழவருக்கு மரத்தின் பொருட்டுப் பணம் சேர்வதில் குற்றமில்லை. சேரவேண்டும், மழை பொய்த்துக் கன்று பட்டுப்போன ஆண்டிலும் அவர்மேல் கடன் ஏறாதவாறு சேரவேண்டும். அப்பணம் கொடை என்றோ கூலி என்றோ பெயர் பெறலாம். கொடுத்த நிறுவனத்தின் புகையோ அந்நிறுவனத்தின் பெயரிலேயே நிற்க வேண்டியது. அதைக் குறைக்கும் உழைப்பும் அதற்கே உரியது.