ஏவலும் வினாவும்

செயற்கை நுண்ணறிவிடம் வேலை வாங்குவது ஒரு தொழில்நுட்பம் என்றே இன்று பேசப்படுகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் அதனைக் கற்பிக்கும் வகுப்புகள் பெருகிவிட்டன. நோக்கத்தைத் தெளிவாக்கு, மாதிரி ஒன்றைக் கொடு என்பன போன்ற சூத்திரங்களை அங்கே ஒப்புவிக்கிறார்கள். அவை பயனற்றவை அல்ல. இயந்திரத்தை வெறுப்பதும் நமது கொள்கையன்று. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாத ஏழைக்கு அது உதவுமானால் நல்லதே. ஆயினும் கேட்பவன் யார், யாருக்காகக் கேட்கிறான் என்னும் விடயத்தை அச்சூத்திரங்கள் தொடுவதேயில்லை.

கிளிநொச்சியில் ஒரு பிரதேச செயலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். போரிலே காணி அனுமதிப்பத்திரத்தை இழந்த ஒரு தாய், அதன் பிரதியைக் கோரி விண்ணப்பம் எழுதித் தருமாறு ஓர் இளம் உத்தியோகத்தரிடம் கேட்கிறார். வேலைப்பளு மிகுந்த அவர், "காணிப் பத்திரம் தொலைந்ததற்குக் கடிதம் எழுது" என்று இயந்திரத்தை ஏவுகிறார். கணப்பொழுதில் கடிதம் வந்துவிடுகிறது. அதிலே 'மாவட்ட ஆட்சியர்' இருக்கிறார், 'பட்டா' இருக்கிறது. தமிழகத்து வருவாய்த்துறை முழுவதுமே கிளிநொச்சியில் வந்து இறங்கிவிடுகிறது! நமது கச்சேரித் தமிழ் வேறு என்பதைச் சொல்லாதவரை அது எவ்வாறு அறியும்? இதனினும் கொடியது வேறொன்று. பத்திரம் வெள்ளத்தில் அழிந்ததென்று ஒரு காரணத்தையும் அது புனைந்து சேர்த்துவிடக்கூடும். கேட்டவர் விட்ட இடைவெளியைப் பொருத்தமான சொற்களால் நிரப்பிவிடுவது அதன் இயல்பு. 2009இன் முதல் மாதங்களில் ஊர் ஊராக ஓடிய ஒரு குடும்பத்தின் வரலாறு வெள்ளக் கதையாகிவிடுகிறது.

செவ்வையான ஏவல் எப்படியிருக்கும்? "இலங்கையில், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் கோரிப் பிரதேச செயலாளருக்கு விண்ணப்பம் எழுது. இலங்கை நிர்வாகத் தமிழைப் பயன்படுத்து. நான் தரும் செய்திகளை மட்டும் எழுது. தெரியாதவற்றை வெற்றிடமாக விடு. பத்திரம் இழந்த விதத்தை அவருடைய சொற்களிலேயே சொல்." பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை, பின்னர் கையால் நிரப்பலாம். இவ்வளவையும் எழுத வேண்டுமானால் உத்தியோகத்தர் முதலில் அந்தத் தாயை நாற்காலியில் இருத்தி அவர் கதையைக் கேட்டாக வேண்டும். இயந்திரம் மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்லப்படும் நேரம் அங்கே செலவாகிறது. செலவாகத்தான் வேண்டும்.

நன்னூல் வினாவை ஆறாக வகுத்தது. விடையறிந்த ஆசிரியர் மாணவனிடம் கேட்பது அறிவினா. அறியாமையால் கேட்பது அறியாவினா. கேட்பதுபோல் ஒரு செயலைச் செய்யப் பணிப்பது ஏவல் வினா. இயந்திரத்திடம் நாம் தொடுப்பது வடிவத்தில் ஏவலே. ஆனால் அதனுள் மறைந்திருப்பது அறிவினாவா, அறியாவினாவா? விடையறிந்தவன் பிழையைக் கண்டு திருத்துவான். அறியாதவனோ நல்ல தமிழில் வந்த பொய்யையும் கையொப்பத்துக்கு அனுப்பிவிடுவான். அறியாமை குற்றமன்று, நம் மாணவர்களுக்கு இதை அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது. அறியாமையை மறைத்துக்கொண்டு, பிறர் பொருட்டு ஏவுவதே குற்றம்.

ஒரு சொல் நழுவினால் என்ன நேரும் என்பதை வன்னி மக்கள் இந்த இயந்திரம் வருமுன்பே அறிவார்கள். 2012 செப்டெம்பரில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் மூடப்பட்டபோது கேப்பாப்புலவு மக்கள் தம் ஊருக்கு அனுப்பப்படவில்லை. அவர்களது நிலம் படையினர் வசமிருந்தது. வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்கள் கேட்டது 'காணி' என்றால் கோரிக்கை நிறைவேறிவிட்டதென்று கோப்பை மூடிவிடலாம். அவர்கள் கேட்டதோ 'எங்கள் காணி'. 2017இல் பிலவுக்குடியிருப்பில் இரவு பகலாக இருந்து போராடியதும் அந்த 'எங்கள்' என்னும் சொல்லுக்காகவே. அக்கோரிக்கையை நாலு வரியில் சுருக்கித் தருமாறு ஏவிப் பாருங்கள். முதலில் உதிரக்கூடியது அச்சொல்தான். அதே ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராடத் தொடங்கிய தாய்மாரும் 'காணாமல் போனோர்' என்ற தொடரை ஏற்பதில்லை. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்கிறார்கள். போனவர் தாமே போனார் என்றாகும். ஆக்கப்பட்டவருக்குப் பின்னால் ஆக்கியவர் ஒருவர் உண்டு. இந்த வேறுபாட்டை ஏவுகிறவர் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?

சத்தியக் கடதாசி முடிப்பதில் ஒரு பழைய முறையுண்டு. எழுதியதை உரியவருக்கு வாசித்து விளங்கப்படுத்திய பின்னரே சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பம். இயந்திரம் எழுதிய விண்ணப்பத்துக்கும், சிறப்பாக அது சிங்களத்தில் ஆக்கித் தந்த பிரதிக்கும், இம்முறை வேண்டும். இரு மொழியும் அறிந்த ஒருவர் வரி வரியாகச் சொல்ல, அந்தத் தாய் கேட்கட்டும். 'இல்லைத் தம்பி, அப்படி நடக்கவில்லை' என்று அவர் சொன்னால், மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டியதுதான்.