ஆறு செய்தால் இயற்கை, நான் செய்தால்?

கப்பி வளர்ப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி விசிறி வாலுக்கும் சுத்த நீலத்துக்கும் ஆசைப்பட்டு, பிடித்த மீன்களை மட்டும் சேர்த்துப் பெருக்கும். இன்னொரு கட்சி, ஆற்றில் இருந்த மாதிரியே தொட்டியிலும் இருக்கட்டும் என்று விட்டுவிடும். நான் இரண்டாவது கட்சி. "லோங்காங்ல கிடக்கிற மீனுக்கு இவ்வளவு பாடா?" என்று கேட்பார்கள். லோங்காங் கப்பி நம்ம ஊர் மீனே இல்லை. டிரினிடாட், வெனிசுவேலா பக்கத்து ஓடைகள்தாம் அதன் பூர்வீகம்.

என் சிக்கல் வேறு. ஆற்றில் இருந்த மாதிரி என்றால் என்ன? உயிரியலாளர் ஜான் எண்ட்லர் டிரினிடாட் ஓடைகளை ஆராய்ந்து 1980இல் எழுதினார்: கப்பியைத் தின்னும் பெரிய மீன்கள் உள்ள இடத்தில் ஆண் கப்பிகள் மங்கலாக இருக்கின்றன, அவை இல்லாத இடத்தில் பளிச்சென்று இருக்கின்றன. பெண் மீனுக்குப் பிடித்த அதே நிறம்தான் எதிரியின் கண்ணிலும் படுகிறது. அப்படியென்றால் காட்டு இயல்பு மீனுக்குள் மட்டும் இல்லை. மீனுக்கும் அதைத் தின்ன வருவதற்கும் நடுவில் இருக்கிறது. என் தொட்டியில் எதிரி கிடையாது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் மீன் மாறத்தான் செய்யும்.

முதுகு வளைந்த குட்டி ஒன்று பிறக்கிறது. ஆற்றில் அது ஒரு நாள்கூடத் தாங்காது. இங்கே காப்பாற்றினால் என் இரக்கம் அடுத்த தலைமுறையின் உடம்பில் போய் உட்காரும். சாகட்டும் என்று விட்டால், 'இயற்கை' என்ற பெயரில் ஒரு கொடுமையைச் செய்கிறேன். ஆறு கொன்றால் ஆற்றிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. கண்ணாடிக்குள் நடப்பதற்கு நான்தான் பொறுப்பு. அதனால் அந்தக் குட்டியைத் தனித் தொட்டியில் வாழ விடுகிறேன், இனப்பெருக்கத்துக்கு விடுவதில்லை. இதுவும் ஒரு தேர்வுதான், மறைக்க ஒன்றுமில்லை.

அப்போ இந்த வளர்ப்புக்கு என்னதான் அர்த்தம்? மெக்சிகோவின் தெயுச்சித்லான் ஆற்றில் 'டெக்கீலா மீன்' என்றொரு குட்டி போடும் மீன் இருந்தது. மாசும் அயல் மீன்களும் சேர்ந்து அதை ஆற்றிலிருந்தே துடைத்துவிட்டன. ஆனால் தொட்டிகளில் அது பிழைத்திருந்தது. 1998இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக்காட்சிச் சாலையிலிருந்து ஐந்து ஜோடிகள் மிச்சோகான் பல்கலைக்கழகத்துக்குப் போயின. அவற்றின் வம்சத்தை அங்கே நேராக ஆற்றில் கொட்டிவிடவில்லை. முதலில் 40 ஜோடிகளைக் குளத்தில் விட்டார்கள். ஒட்டுண்ணி, போட்டி, வேட்டையாடும் உயிர்கள் எல்லாம் உள்ள குளம். அங்கே நான்கு ஆண்டுகள் பெருகிய பிறகே ஆறு.

அந்தக் குளம்தான் எனக்குப் பதில். தொட்டி காட்டைக் காப்பாற்றாது. காடு திரும்பக் கிடைக்கும்வரை உயிரைப் பத்திரமாக வைத்திருக்கும், அவ்வளவுதான். அடகுக்கு வந்த நகையை அழித்து, நம் ஆசைக்கு வேறு நகை செய்துகொள்ள முடியுமா? என் மீன்களில் ஒன்றுகூட ஆற்றைப் பார்க்காமல் போகலாம். ஆனாலும் அவற்றை இன்னொருவர் பொருளாக நினைத்தே வளர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.