மராமத்து

நயினார்கோவிலுக்கு ரயில் கிடையாது. நாகநாதசாமியைக் கும்பிட வருகிறவர்கள் பரமக்குடியில் இறங்கித்தான் பஸ் பிடிக்க வேண்டும். ரயில் இல்லாத ஊர்க்காரனுக்கு இருக்கும் ரயில் மோகம், தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே பிறந்தவனுக்கு இருக்காது போலிருக்கிறது. அப்பாவோடு பரமக்குடிக்குப் போகும் நாட்களில், அவர் வியாபாரம் முடியும்வரை நான் ஸ்டேஷனில்தான் கிடப்பேன். மூன்று ஜோடி பெரிய சக்கரம் என்றால் பாசஞ்சர் இழுக்கும் ஒய்.பி.; நான்கு ஜோடி சின்னச் சக்கரம் என்றால் கூட்ஸ் இழுக்கும் ஒய்.ஜி. புகையைத் தூரத்தில் பார்க்கும்போதே எது வருகிறது என்று சொல்லிப் பார்ப்பேன்.

எஞ்சின் எண்களைக் குறித்துக்கொள்வதை ஒரு பொழுதுபோக்காக ஊரெல்லாம் பரப்பியவர் இங்கிலாந்தின் இயான் ஆலன். 1942இல் ரயில் எஞ்சின்களின் பட்டியலைச் சிறு புத்தகமாகப் போட்டார். பையன்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, பார்த்த எண்ணுக்கு நேரே கோடு போட்டார்கள். நானும் பழைய டைரி ஒன்றில் அப்படி எழுதியவன்தான்.

அந்த டைரி எனக்குச் சொல்லாததை ஓய்வுபெற்ற ஃபயர்மேன் ஒருவர் சொன்னார். "நம்பரை எழுதி என்னய்யா செய்யப் போறே? புகையைப் பாரு" என்றார். கன்னங்கரேலென்று வந்தால் கரி அதிகம், காற்று போதவில்லை. புகையே தெரியவில்லையா, நெருப்பு மெலிந்துவிட்டது. லேசான சாம்பல் நிறம்தான் சரி. கரியை நடுவில் குவித்தால் நெருப்பு அமுங்கிவிடும். மூலைகளுக்கும் ஓரங்களுக்கும் போய் விழும்படி கரி அள்ளும் ஷவலை வீச வேண்டும். நம் சீமைத் தண்ணீர் உப்பு. பாய்லருக்குள் காரை படியும். தவணை தவறாமல் நெருப்பை அணைத்து, ஆறவிட்டு, கழுவி, மறுபடி மூட்ட வேண்டும். அவர் பேசும்போது வலது தோள் தன்னால் அசைந்தது.

இன்று பெரிய ஸ்டேஷன் வாசல்களில் எஞ்சின்களைப் பளபளவென்று பெயிண்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுக்கிறோம். எனக்கு அவற்றின்மேல் பெரிய ஒட்டுதல் இல்லை. 1855இல் செய்த ஈ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சினும் அப்படித்தான் பல பத்தாண்டுகள் காட்சிப் பொருளாக நின்றது. 2010இல் பெரம்பூர் லோகோ பணிமனைக்காரர்கள் அதை மறுபடி ஓட வைத்தார்கள். இற்றுப்போன பாகங்களைப் புதிதாகச் செய்துதான் ஓட்டினார்கள். அப்புறம் அது எப்படிப் பழைய எஞ்சின் என்று கேட்கிறவர்கள் உண்டு. நீலகிரி மலை ரயில் 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதன் எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் பிறந்தவை. இப்போது அதே வகையைப் பொன்மலைப் பணிமனையில் புதிதாகவே செய்கிறார்கள். நேற்றுச் செய்ததைப் பாரம்பரியம் என்று சொல்லலாமா?

எங்கள் பக்கத்து ஆளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார். முன்னோர் வெட்டிய கண்மாய்க் கரையில் இன்று கிடக்கும் மண், அவர்கள் போட்ட மண்ணா? வண்டலை அள்ளி, கரையை உயர்த்தி, மடையைச் செப்பனிட்டுக் குடிமராமத்து நடந்தவரை அது அதே கண்மாய். மராமத்து நின்ற இடத்தில் பழைய மண் அப்படியே இருக்கிறது, கருவேலம் முளைத்து.

பாம்பன் பாலமும் அப்படித்தான் நூறு தாண்டியது. 1914 பிப்ரவரியில் திறந்த பாலம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியும் அங்கே போய்க்கொண்டிருந்த பாசஞ்சரும் போயின. பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள் விழுந்தன. மூழ்கிய கர்டர்களைத் தேடி எடுத்து, ரயில்வே எஞ்சினியர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தை மறுபடி நிறுத்தினார்கள். 2007இல் மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்தபோது இன்னொரு முறை பலப்படுத்தினார்கள். உப்புக் காற்றில் ஓயாமல் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தார்கள். தனுஷ்கோடி ஸ்டேஷனுக்கு இதில் எதுவும் நடக்கவில்லை. புயல் மிச்சம் வைத்த சுவரை இப்போது வேன் வைத்துப் போய்ப் பார்க்கிறோம். இரண்டுக்கும் ஒரே கடல், ஒரே காற்று, ஒரே புயல்.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் வண்டி நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்துப் புதிய பாலம் திறந்தது. அதன் நடுப்பகுதி மோட்டாரில் செங்குத்தாக மேலே போகிறது. பழைய பாலத்தின் நடுவே இரண்டு இறக்கையாகப் பிரிந்து எழும்பிய ஷெர்சர் தூக்கையாவது நினைவுச் சின்னமாக வைக்க வேண்டும் என்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் கப்பலுக்கு வழிவிட அந்தத் தூக்கைக் கையாலேயே சுழற்றித் திறந்த தொழிலாளர்களிடம் இப்போதே போய் உட்கார வேண்டும். இரண்டு இறக்கையும் ஒன்றாக எழும்ப யார் குரல் கொடுத்தார்கள், காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது கம்பியை எப்படிப் பிடித்தார்கள், எந்தப் பல்லுக்கு எவ்வளவு கிரீஸ் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு டைரி உதவும்.