தீமோத்தேயுவின் வயிறு



மெலித்தா தீவிலே புபிலியுவின் தகப்பன் காய்ச்சலும் இரத்தபேதியுமாய்க் கிடந்தான். பவுல் உள்ளே போனார், ஜெபித்தார், கைகளை வைத்தார், அவன் சுகமானான் (அப். 28:8). இதைச் சொல்லி எத்தனை கூட்டங்களில் அல்லேலூயா போட்டிருக்கிறோம்! ஆனால் அதே பவுல், பெற்ற பிள்ளையைப்போல நேசித்த தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக்கோளாறு வந்தபோது என்ன செய்தார்? கடிதத்தில் பத்தியம் எழுதினார். வெறும் தண்ணீரோடு நிறுத்தாதே, கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்றார் (1 தீமோ. 5:23). (இந்த வசனத்தைக் காட்டி டாஸ்மாக்குக்கு வழி கேட்கிற சகோதரருக்கு வேறொரு மாதம் பதில் எழுதுகிறேன்.) விசுவாசம் போதாது என்று ஒரு கண்டிப்பு இல்லை. பிசாசு என்ற பேச்சே இல்லை. வயிற்றை வயிறாகப் பார்த்தார்.

இதை ஏன் எழுதுகிறேன்? நம் சபைகளில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் வாலிபரும் இருக்கிறார்கள். ஆராதனை நடுவிலே ஒரு பையன் அலறுகிறான், கையைக் கடிக்கிறான், நாற்காலி முனையில் வயிற்றை அழுத்திக்கொண்டு குனிகிறான். உடனே நாலு பேர் எழும்பி "வெளியே போ" என்று அதட்டுறாங்க. பாருங்க, அவனுக்குள்ளே இருந்து வெளியே போகவேண்டியது பிசாசு அல்ல, அஞ்சு நாள் மலம்!

சிரிக்காதீங்க. அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் 1943-ல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதித்தான் ஆட்டிசம் உலகுக்குத் தெரியவந்தது. அவர்களில் ஆறு பேருக்குக் குழந்தையிலிருந்தே சாப்பாட்டில் பெரிய தொல்லை இருந்ததாக அன்றைக்கே குறித்து வைத்தார். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் வந்த முடிவோ, வயிற்றுக் கோளாறுகள் பொதுவாக இவர்களுக்கு வர மற்றப் பிள்ளைகளைவிட நான்கு மடங்குக்கும் மேல் வாய்ப்பு உண்டு என்கிறது.

சாப்பாடு நாக்கில் படும் விதமே சிலருக்கு முள்ளாய்க் குத்தும். கீரையின் பிசுபிசுப்பு ஆகாது, பொரியலின் மொறுமொறுப்பு ஆகாது. சோறும் தயிரும் பிஸ்கட்டும்தான். நார்ச்சத்து இல்லை, மலம் இறுகுகிறது. ஒருநாள் வலித்தது என்றால் மறுநாள் கழிப்பறைக்குப் போகவே பயந்து அடக்குகிறான், இன்னும் இறுகுகிறது. கடைசியில் இறுகியதைச் சுற்றித் தண்ணீராய்க் கசிந்து துணியில் படுகிறது. வீட்டிலே "பேதி" என்று நினைத்து பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்கிறார்கள். நோய்க்கு நேர் எதிர் மருந்து!

பேசத் தெரிந்தவர்களுக்கும் இது லேசு அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு வாலிப சகோதரன் நன்றாகப் படித்தவன், கணக்கு வேலை பார்க்கிறான். வயிறு வலிக்கிறதா என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாதாம். சட்டை குத்துகிற மாதிரி இருக்குமாம், மின்விசிறி சத்தம் தாங்காதாம், காரணமில்லாமல் கோபம் வருமாம். வெகுநேரம் கழித்துத்தான் அது வயிறு என்று புரியுமாம். பசியும் அப்படித்தான். உள்ளேயிருந்து வரும் அறிகுறி எல்லாருக்கும் ஒரே மாதிரி எட்டுவதில்லை, பிரியமானவர்களே.

வேறொரு ஊரில் இப்படிப்பட்ட ஒரு மகனைத் தண்ணீர்கூட இல்லாமல் மூன்று நாள் உபவாசத்தில் உட்கார வைத்து, மலமிளக்கி மருந்தையும் நிறுத்தச் சொன்னார்கள். ஊர் பேரும் ஊழியர் பேரும் வேண்டாம். உடம்பு வற்றிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யவீருவின் மகளை எழுப்பின நம் ஆண்டவர் அடுத்து என்ன சொன்னார்? பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றார் (மாற். 5:43). சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தூதன் திட்டவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் இரண்டு தரம் கொடுத்தான்.

கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆட்டிசமே போய்விடும் என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் அதைச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2010-லேயே நிபுணர் குழு எழுதிவிட்டது. நாலே பதார்த்தம் சாப்பிடுகிற பிள்ளையிடம் இரண்டைப் பிடுங்கினால் மிச்சம் என்ன? தடுப்பூசியால் குடல் கெட்டு ஆட்டிசம் வருகிறது என்ற பயமும் வேண்டாம். 1998-ல் அப்படி எழுதின கட்டுரையை லான்செட் பத்திரிகையே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஜெபிக்க வேண்டாமா? ஜெபியுங்கள்! ஆனால் தலையில் கை வைக்குமுன் கேட்டு வையுங்கள். தொடுகையே சிலருக்கு நெருப்பு. எத்தனை நாளாய் வெளிக்குப் போகவில்லை என்று தாயிடம் தனியே விசாரியுங்கள். திடீரென்று குணம் மாறினால் முதலில் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கட்டும். மலத்தில் இரத்தம், எடை குறைவு, ஓயாத வாந்தி என்றால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். காலை ஆகாரத்துக்குப்பின் பத்து நிமிஷம் கழிப்பறையில் உட்காரப் பழக்குங்கள். மேற்கத்திய கழிப்பறையானால் காலுக்கு ஒரு மணை போடுங்கள். பவுலோடு லூக்கா என்ற வைத்தியன் கூடவே நடந்தான், மறக்காதீங்க.

வருகிற ஐக்கிய விருந்தில் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் வெறும் சோறும் தயிரும், ஒன்றோடொன்று படாமல், தனித்தனிப் பாத்திரத்தில் இருக்கும். அது யாருக்கு என்று யாரும் கேட்க வேண்டாம். பக்கவாசல் ஓரத்து இரண்டு நாற்காலிகள், கழிப்பறைக்கு அருகானவை, இனி காலியாகவே விடப்படும். மூப்பர்கள் அதில் தங்கள் பையை வைக்காமல் இருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.