தோட்டமும் கொல்லாமையும்

நாகமலை புதுக்கோட்டையில் எம் வீட்டுப் பின்புறத் தோட்டம் பல்லாண்டுகள் பராமரிப்பின்றிக் கிடந்து, சீமைக் கருவேலங்காடாயிற்று. அதனைச் சீர்திருத்த முனைந்தபோது இல்லத்திலேயே வினா எழுந்தது: மண்வெட்டி விழுமிடமெல்லாம் எறும்பும் புழுவும் மடியும், மரங்களும் ஓரறிவுயிர்களே, அணுவிரதம் ஏற்ற சிராவகர் இதனைச் செய்யலாமா?

தமிழ்ச் சமணருட் பலர் வழிவழியாக உழவர். ஆதலின் இவ்வினா நமக்குப் புதிதன்று. கொல்லும் கருத்துடன் செய்யும் சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தார் அறவே விலக்குதல் வேண்டும். உழவு, சமையல் முதலியவற்றில் நேரும் ஆரம்ப ஹிம்சையை இயன்றவரை குறைத்தல் வேண்டும். இதுவே ஆசாரியர் வகுத்த நெறி.

எனினும் ஒன்று எம்மை உறுத்தியது. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு மூலமாகப் பிரமாதத்தை, அதாவது கவனமின்மையைச் சுட்டுகிறது. தோட்டத்தைக் காடாக்கியது எம் கவனமின்மையே அன்றோ? ஆண்டுதோறும் கன்றாகக் களைந்திருந்தால் சில உயிர்களே வருந்தியிருக்கும். வாளாவிருந்ததை அஹிம்சை என்றெண்ணி ஏமாந்தோம்.

ஆகவே தீயிடவில்லை, களைக்கொல்லி தெளிக்கவில்லை. பகல் வெளிச்சத்தில், பறவைக்கூடும் புற்றும் உள்ளனவா எனப் பார்த்துப் பகுதி பகுதியாக வெட்டினோம். அடித்தூர் எஞ்சினால் மீண்டும் தழைக்குமாதலால், மறுமுறை வெட்ட நேராதபடி தூரோடு அகழ்ந்தோம். புற்றிருந்த மூலையைத் தொடவில்லை. ஐப்பசி மழையில் வேம்பும் புங்கும் நட்டோம்.

நேர்ந்த ஹிம்சைக்கு, கீழக்குயில்குடிச் சமணர்மலை இருக்கும் திசை நோக்கி வணங்கிப் பிரதிக்கிரமணம் செய்தோம். ஆயினும் இனி அத்தோட்டத்தை நாள்தோறும் பேணுவதே உண்மையான பிராயச்சித்தம் எனக் கருதுகிறோம்.