கேமரா பதிவு யார் கைக்குப் போக வேண்டும்?

சாத்தான்குளம் காவல் நிலையத்தில் 2020 ஜூன் 19-ஆம் தேதி இரவு நடந்தது என்ன என்பதை அந்த நிலையத்தின் கேமராக்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் காவலர்கள் கொண்டுபோனார்கள். நான்கு நாள்களுக்குள் இருவரும் இறந்துபோனார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லி விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர், நிலையத்தின் ஹார்டு டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு தானாகவே அழியும்படி கருவியை அமைத்து வைத்திருந்ததைக் கண்டார். அதே நாள்களில் கடைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கேமராவின் பதிவு வெளியே வந்தது. தகப்பனும் மகனும் தரையில் உருண்டு புரண்டு தாங்களே காயப்படுத்திக்கொண்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கை சொன்னதற்கு அதில் ஆதாரம் இல்லை.

ஏறக்குறைய மூன்று ஆண்டு கழித்து, 2023 மார்ச்சில், தாமிரபரணிக் கரையில் உள்ள அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பற்களைப் பிடுங்கியதாக ஒரு காவல் உயரதிகாரி மீது புகார் எழுந்தது. வழக்கு சிபிசிஐடி வசம் போனது. அப்போதும் பாதிக்கப்பட்டவர்கள் பக்கமிருந்து, நிலையங்களின் கேமரா பதிவு எங்கே என்ற கேள்விதான் வந்தது. அடிபட்டவனின் வாய்ச்சொல்லுக்கு எதிரே சீருடைக்காரரின் கையெழுத்து நிற்கும்போது, மூன்றாவது சாட்சி அந்தப் பதிவு ஒன்றுதான்.

அப்படியானால் கேட்டவர்க்கெல்லாம் கேட்ட பதிவைக் கொடுத்துவிடலாமா? கூடாது. அந்தக் ‘கூடாது’ எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

பாளையங்கோட்டையில் ஒரு பேருந்து நிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். வெவ்வேறு சாதியைச் சேர்ந்த ஒரு பெண்ணும் ஒரு பையனும் மாலையில் அங்கே நின்று பத்து நிமிடம் பேசுகிறார்கள். மேலே கம்பத்தில் கேமரா. மறுநாள் பெண்ணின் உறவினர் ஒருவர் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, அந்த மாலையின் பதிவைக் கேட்டு மனுப் போடுகிறார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது. மனுவைப் பார்த்தால் அவர் நோக்கம் தெரியாது. சாதிக்காகப் பெற்ற பிள்ளையையே கொன்ற செய்திகளைப் படித்துப் பழகிய வட்டாரம் இது. அந்தப் பதிவு தப்பான கைக்குப் போனால் ஓர் உயிர் போகலாம். உயிருக்கு ஆபத்து வரும் தகவலை மறுக்கலாம் என்று 8-ஆவது பிரிவு இடம் கொடுத்திருப்பது இதற்காகத்தான். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்னதும் இந்தப் பெண்ணுக்கும் பையனுக்கும் சேர்த்துத்தான்.

வேதனை என்னவென்றால், நடைமுறையில் இது தலைகீழாக இருக்கிறது. தெருவில் நடந்த விபத்தும், கீழே விழுந்த கிழவியும், சண்டை போட்ட கணவன் மனைவியும் மாலைக்குள் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறார்கள். யாரும் மனுப் போடவில்லை, யாரும் அனுமதி கொடுக்கவில்லை. நிலையத்துக்குள் நடந்ததைக் கேட்டால் மட்டும் ‘விசாரணை பாதிக்கும்’, ‘கருவி பழுது’, ‘பதிவு இல்லை’ என்ற பதில்கள் வரிசையாக வருகின்றன. எளியவனின் முகம் ஊருக்கெல்லாம் தெரியலாம், அதிகாரத்தில் இருப்பவரின் கை யாருக்கும் தெரியக்கூடாது என்றால் அது அந்தரங்கப் பாதுகாப்பே அல்ல. அந்தரங்கம் என்ற நல்ல வாதத்தைத் தவறான வாசலில் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, படத்தில் இருப்பது யாருடைய எந்தச் செயல் என்பது. வழியில் போகிறவரின் சொந்த வாழ்க்கை என்றால் மூடி வைப்பதே நியாயம். சம்பளம் வாங்கிக்கொண்டு, சட்டம் கொடுத்த அதிகாரத்தோடு ஒருவர் செய்த வேலை என்றால் திறந்து காட்டுவதே நியாயம். இரண்டும் ஒரே சட்டகத்தில் கலந்திருந்தால் முகங்களை மறைத்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாம். பிரித்துக் கொடுக்கும் வழியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு 2005-லிருந்தே வைத்திருக்கிறது. கேட்பவர் அடிபட்டவரே என்றால் இந்த யோசனைக்கே இடமில்லை. அவர் கேட்பது அவருடைய உடம்பின் வரலாறு.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 8-ஆவது பிரிவில் தனிப்பட்ட தகவலுக்குக் கொடுத்த விலக்கு அண்மையில் அகலப்படுத்தப்பட்டுவிட்டது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்று முன்பு இருந்த வாசகம் போய்விட்டது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற பொதுவான விதி மிஞ்சியிருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கும் மனம் தகவல் அலுவலருக்கு இருக்க வேண்டும். 1997-லேயே தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம்விட அவசரமான ஒன்று உண்டு. மனுவுக்குப் பதில் சொல்லச் சட்டம் கொடுக்கும் அவகாசம் முப்பது நாள். கேமரா பெட்டியோ இடம் நிறைந்ததும் பழைய நாளின் மேல் புதிய நாளை எழுதிக்கொண்டே போகும். பல இடங்களில் இரண்டு மூன்று வாரப் பதிவுதான் தங்கும். முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு என்று மனுதாரர் அலைந்து முடித்து, ‘கொடுங்கள்’ என்று உத்தரவு வாங்கும் நாளில் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. கொடுக்கலாமா கூடாதா என்பதில் நேர்மையான அதிகாரிகள் இருவர் வேறுபடலாம். மனு வந்த பிறகு அழியவிடலாமா என்பதில் வேறுபட இடமே இல்லை. மறுப்பதற்குக்கூடப் பதிவு இருந்தாக வேண்டும். இருந்தால்தான் அந்த மறுப்பு சரியா என்று மேலே உள்ளவர் பார்க்க முடியும். அழியவிட்டவர் அந்த வழியையும் அடைத்துவிடுகிறார்.

1999 ஜூலை 23-ஆம் தேதி மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலம் தடியடியில் சிதறி, தாமிரபரணி ஆற்றில் 17 பேர் மாண்டபோது கம்பத்துக் கேமராக்கள் கிடையாது. பத்திரிகைக்காரர்கள் எடுத்த படங்களும் காணொளியும்தான் மக்கள் பக்கம் பேசின. இன்று கம்பம் இருக்கிறது, கேமரா இருக்கிறது. சாவி மட்டும், யாரைப் பற்றிக் கேள்வி எழுமோ அவர்களிடமே இருக்கிறது.

பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2 அன்று இதைப் புரிந்துகொண்டே தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நுழைவாயில், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை எல்லாம் கேமராவுக்குள் வர வேண்டும். ஒலியும் பதிவாக வேண்டும். பதினெட்டு மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு பதிவு இருக்க வேண்டும் என்றது. பதிவுகளைப் பார்க்கும் மாவட்டக் குழுவில் காவல் கண்காணிப்பாளரோடு ஆட்சியரும், மேயர் அல்லது மாவட்ட ஊராட்சித் தலைவரும் இருக்க வேண்டும் என்றது. நிலைய வாசலில், உரிமை மீறப்பட்டவர் தம் பதிவைப் பத்திரப்படுத்தக் கேட்கலாம் என்ற அறிவிப்பை ஊர் மொழியிலும் வைக்கச் சொன்னது.

திருநெல்வேலிக்காரர்கள் அடுத்த முறை எந்தக் காரியமாகக் காவல் நிலையத்துக்குப் போனாலும் அந்த அறிவிப்புப் பலகை தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் எழுதிக் கொடுங்கள். பதிவு தேவைப்படும் நாள் வந்தால் தேதி, நேரம், இடம் மூன்றையும் குறித்து, ‘இதை அழிக்காமல் வைத்திருங்கள்’ என்ற ஒரு வரியை அன்றே கொடுத்து, ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.