உடுத்துவோன் பங்கு

அமெரிக்க நாட்டுக்கே உரிய உடை எது என்று வினவினால், உலகின் எந்தக் கோடியில் இருப்பவரும் நீல ஜீன்ஸ் கால்சட்டையையே சுட்டுவர். பவேரியாவில் பிறந்து ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஜவுளி வியாபாரம் செய்த லீவை ஸ்ட்ராஸும், நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் தையற்காரராயிருந்த ஜேக்கப் டேவிஸும், கால்சட்டை கிழியக்கூடிய மூலைகளில் செப்புக் குமிழாணி அறைந்து அதை உறுதிப்படுத்தும் முறைக்கு 1873-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி காப்புரிமை பெற்ற நாள் தொடங்கி, சுரங்கத் தொழிலாளியும் மாடு மேய்ப்பவனும் திரைப்பட நாயகனும் கல்லூரி மாணவனும் ஒருவர்பின் ஒருவராக அணிந்து அதனை ஒரு தேசத்தின் சின்னமாகவே ஆக்கிவிட்டார்கள். ஆயினும் ஸ்ட்ராஸின் நிறுவனத்துக்குச் சொந்தமாக அந்நாட்டில் எஞ்சியிருந்த கடைசித் தையல் ஆலைகள், டெக்ஸாஸ் மாநிலத்து ஸான் அன்டோனியோவில் இருந்தவை, 2004 தொடக்கத்துக்குள் மூடப்பட்டுவிட்டன. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் 1905-இல் தோன்றி நெடுங்காலம் அந்நிறுவனத்துக்கு டெனிம் துணி நெய்து அளித்த ஒயிட் ஓக் ஆலையும் 2017 முடிவில் தறிகளை நிறுத்திக்கொண்டது. இன்று அக்கால்சட்டை வங்கதேசத்திலும், மெக்ஸிகோவிலும், வியட்நாமிலும், லெஸோத்தோ என்னும் சிறிய ஆப்பிரிக்க மலைநாட்டிலும் தைக்கப்படுகிறது.

இது ஒரு நிறுவனத்தின் கதையன்று. 1960-ஆம் ஆண்டளவில் அமெரிக்கர் உடுத்தியதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அந்நாட்டிலேயே தைக்கப்பட்டது. இன்று மூன்று பங்கு தேறுவதே அரிது. 1974 முதல் 2004 முடியும்வரை நடப்பிலிருந்த பன்னாட்டு ஜவுளி ஏற்பாடுகள், ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று அளவு வகுத்தபடியால், ஒரு நாட்டின் அளவு தீர்ந்ததும் வணிகர்கள் அடுத்த ஏழை நாட்டைத் தேடிப்போயினர். அதனாலேயே முன்பு ஆயத்த ஆடைத் தொழிலையே அறியாத தேசங்களில்கூட தையல் இயந்திரங்கள் வந்து இறங்கின. 2012 லண்டன் ஒலிம்பிக் விளையாட்டுக்கு ரால்ஃப் லாரன் நிறுவனம் அமெரிக்க வீரர்களுக்கு அளித்த சீருடை சீனத்தில் தைக்கப்பட்டது என்று தெரியவந்தபோது, அவற்றைக் குவித்துக் கொளுத்தவேண்டும் என்று அந்நாட்டு செனட் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரே வெகுண்டு கூறினார். தம் நாட்டார் பிழைப்பு போயிற்றே என்ற அந்த ஆற்றாமை இயல்பானது. ஆயினும் எந்த நாட்டில் தைத்தது என்ற கேள்வியைவிட ஆழமானதொரு கேள்வி இருக்கிறது. அது அரசியலுக்கும் பொருளாதாரத்துக்கும் உரியதன்று, தர்மத்துக்கு உரியது. ஓர் உடையைத் தைத்தவருக்குத் தீங்கு இழைக்கப்பட்டிருந்தால், அதை விலைகொடுத்து வாங்கி உடுத்துகிறவனுக்கு அத்தீங்கில் பங்கு உண்டா, இல்லையா?

தீங்கு என்று நான் கூறுவது கற்பனையன்று. 2012 நவம்பர் 24 அன்று வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகே ஆசுலியாவில் தஸ்ரீன் ஆடை ஆலை தீப்பற்றி நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வால்மார்ட் கடைகளுக்கென்று தைத்த உடைகள் அந்தச் சாம்பலிடையே கிடந்தன. ஐந்து மாதம் கழிந்தது. 2013 ஏப்ரல் 23 அன்று, டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாஸா என்ற எட்டு மாடிக் கட்டடத்தின் தூண்களில் பிளவு கண்டது; கீழ்த்தளங்களிலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டு, அங்கு வேலை செய்தோர் வரவேண்டாம் என்று நிறுத்தப்பட்டனர். மறுநாள் காலை, மேல்மாடிகளிலிருந்த ஐந்து தையல் ஆலைகளின் தொழிலாளர் மட்டும், பெரும்பாலும் இளம் பெண்கள், உள்ளே போகும்படி அதட்டி ஏவப்பட்டார்கள். பணி தொடங்கிச் சிறிது நேரத்தில் கட்டடம் அப்படியே அமர்ந்தது. 1,134 பேர் இறந்தனர். அன்று அந்நாட்டில் தையல் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் அந்நாட்டு நாணயமான டாகாவில் 3,000. வங்கிக் குமாஸ்தாவின் உயிருக்குக் காட்டிய அச்சத்தை இவர்கள் உயிருக்குக் காட்டத் தடையாயிருந்தது எது? குறித்த நாளில் சரக்கைக் கப்பலேற்றத் தவறினால் வெளிநாட்டு ஆர்டர் போய்விடும் என்ற பயமேயன்றி வேறென்ன?

இவ்வாறு ஒருவன் நுகர்ச்சிக்காக மற்றொருவன் இழைக்கும் தீங்கைப் பற்றி நம் முன்னோர் விரிவாகவே வாதித்திருக்கின்றனர். அவர்கள் வாதித்தது ஊன் உணவைப் பற்றி. பௌத்தத்தில் துறவிகளுக்கு ஒரு விதி உண்டு: தனக்கென்று கொன்றதைத் தான் காணவில்லை, கேட்கவில்லை, ஐயுறவும் இல்லை எனில், பிட்சையில் விழுந்த ஊனை உண்பதால் அவனுக்குக் குற்றம் இல்லை. சமணர் இதற்கு உடன்படார். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உள்ளத்தால் உடன்படுதல், அதாவது கிருதம், காரிதம், அனுமோதனம் என்ற மூன்றும் வினையே என்பது அவர் துணிபு. மனுவின் விதிகள் பலவற்றை நான் ஏற்பவனல்லேன். ஆயினும் கொலைக்கு இசைவு தருபவன், அறுப்பவன், கொல்பவன், வாங்குபவன், விற்பவன், சமைப்பவன், பரிமாறுபவன், உண்பவன் என எண்மரையும் கொன்றவராகவே அந்நூல் வைத்து எண்ணும் இடத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. திருவள்ளுவரோ புலால் மறுத்தல் அதிகாரத்தில், உண்பவனின் வேட்கையே விற்பவனின் தொழிலை உண்டாக்குகிறது என்ற ஒரே நியாயத்தால் வாங்குகிறவனை வழக்குக்குள் இழுத்து நிறுத்திவிடுகிறார். வாங்குபவன் கத்தியைத் தொட்டதில்லை. ஆனால் கத்தி ஓங்கப்பட்டது அவன் காசை நோக்கி.

பௌத்த விதியை நான் இகழ்ந்துரைக்கவில்லை. அது, வீடுவீடாகச் சென்று கலத்தில் விழுந்ததை உண்ணும் பிட்சுவுக்குச் சொன்னது. அவன் தேர்ந்தெடுப்பதுமில்லை, விலை பேசுவதுமில்லை. பணப்பையுடன் கடைக்குள் நுழைந்து, இரண்டு சட்டைகளை ஒப்பிட்டு மலிவானதை எடுக்கும் ஒருவன், காணவில்லை, கேட்கவில்லை, ஐயுறவில்லை என்று அதே விதியின் நிழலில் ஒதுங்குவது எப்படிப் பொருந்தும்? அதிலும், இக்காலத்தில் அந்தக் காணாமை தானாக நேர்வதன்று. அது திட்டமிட்டு அமைக்கப்படுகிறது. பெயர் பெற்ற நிறுவனம் ஆலையைச் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை. ஓர் ஏற்றுமதியாளருக்கு ஆர்டர் தருகிறது. அவர் முடிக்க இயலாத பகுதியை வேறோர் ஆலைக்குத் தருகிறார். அது இன்னொன்றுக்குப் போகிறது. தஸ்ரீனில் தங்கள் உடை தைக்கப்பட்டது தங்கள் இசைவின்றியே என்று வால்மார்ட் அறிவித்தது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கட்டுப்படியாகாத விலையையும் கெடுவையும் விதித்தவர், வேலை கீழே கீழே நழுவிப் போகும் என்பதை அறியாதவரல்லர். அறியக்கூடியதை அறியாதிருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்வது அனுமோதனத்தின் ஒரு வகை என்றே நான் கொள்கிறேன்.

இதற்கு மருந்தாக, எங்கே தைத்தது என்று உடையிலேயே எழுதியிருக்கிறதே என்பார் உளர். இறக்குமதிப் பொருளில் அதன் நாட்டைக் குறிக்கவேண்டும் என்று அமெரிக்காவின் 1930-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் விதிக்கிறது. நாட்டைத்தான், ஆலையை அன்று. டெக்ஸாஸில் விளைந்த பஞ்சு ஆசியாவுக்குக் கப்பலேறி, ஒரு நாட்டில் நூலாகி, வேறொன்றில் துணியாகி, மூன்றாவதில் சட்டையாகித் திரும்பி வந்தால், பெரும்பாலும் அந்த மூன்றாவதன் பெயர் மட்டுமே கழுத்துப் பட்டியில் நிற்கும். சில வேளை நாட்டின் பெயர் சட்டப்படி மெய்யாயிருந்தும் மனிதரை மறைத்துவிடும். பசிபிக் கடலில் சைப்பான் தீவு அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டது. சீனத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் தரகர்களுக்குப் பணம் கட்டிக் கடனாளிகளாய் வந்த பெண்கள், அமெரிக்கச் சட்டம் பிற இடங்களில் விதித்த கூலியிலும் குறைந்த கூலிக்கு அங்கே தைத்த உடைகள், அமெரிக்காவில் செய்தவை என்ற முத்திரையுடன் விற்பனையாயின. 1999-இல் தொடுத்த வழக்குகளில், கேப் உள்ளிட்ட பல நிறுவனங்கள் 2 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டன.

அமெரிக்க மண்ணில் தைத்ததே தூயது என்பதையும் வரலாறு ஒப்பவில்லை. நியூயார்க் நகரத்து டிரையாங்கிள் ஆலையில் 1911 மார்ச் 25 அன்று தீ மூண்டபோது, ஒரு வாயில் பூட்டப்பட்டிருந்தமையால் வெளியேற வழியின்றி, யூத, இத்தாலியக் குடிகளின் இளம் பெண்கள் மிகுதியாக, 146 பேர் மடிந்தனர். 1995 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலஸ் அருகே எல் மான்டியில், முள்வேலியிட்ட குடியிருப்புக்குள் சிறைப்பட்டுத் துணி தைத்துக்கொண்டிருந்த 72 தாய்லாந்துத் தொழிலாளர் மீட்கப்பட்டனர். அதற்கும் முன்னே, மாஸசூஸெட்ஸின் லோவல் ஆலைகள் நூற்ற பஞ்சு, தென் மாநிலங்களில் அடிமைகள் பறித்த பஞ்சு. தேசத்தின் பெயர் ஓர் உடைக்குப் புண்ணியம் சேர்ப்பதுமில்லை, பாபம் சேர்ப்பதுமில்லை.

உடுத்துவோனுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வியை அமெரிக்காவிலேயே, அந்நாடு சுதந்திரம் பெறுமுன்னரே, தம் உடலின்மீது வைத்துச் சோதித்துப் பார்த்த ஒருவர் இருந்தார் என்பது பலர் அறியாதது. ஜான் உல்மன் 1720-இல் நியூஜெர்ஸியில் பிறந்தவர், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர், தொழிலால் தையற்காரர். இளமையில், தம் முதலாளி ஒரு கறுப்பின அடிமைப் பெண்ணை விற்றதற்குரிய பத்திரத்தை எழுதும்படி பணித்தபோது, மனம் கூசியும் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் கூச்சம் பின்னர் அவரை விடவேயில்லை. அடிமையைச் சொத்தாகக் குறிக்கும் உயில்களை எழுத மறுத்தார். கடை வியாபாரம் பெருகிவந்தபோது, அது தம் சிந்தையைக் கவர்ந்துகொள்ளும் என்று அதைச் சுருக்கிக்கொண்டார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் உழைப்பில் விளைந்த சர்க்கரையை விலக்கினார். சாயம் கண்ணுக்கு இனிமை தருவதோடு அழுக்கை மறைக்கவும் பயன்படுகிறது என்று கண்டு, சாயமேற்றாத ஆடையும் தொப்பியும் அணியலானார். அப்போது வெள்ளைத் தொப்பி சிலரிடையே நாகரிகமாயிருந்ததால், அவரும் அதைப் பின்பற்றுகிறாரோ என்று தம் சமயத்தாரே ஐயுற்றபோது வருந்தினாரேயன்றி மாற்றிக்கொள்ளவில்லை. 1772-இல் இங்கிலாந்து சென்றபோது, வண்டிக் குதிரைகளும் அவற்றை ஓட்டும் சிறுவரும் படும் துன்பத்தை அறிந்து நடந்தே பயணம் செய்து, யார்க் நகரில் அம்மை கண்டு இறந்தார்.

அவர் வாழ்வில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தத் துறவுகளிலும் வேறான ஒன்று. அடிமைகளை வைத்திருந்தவர் வீடுகளில் தங்க நேர்ந்தபோது, தமக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்கு உரியதென்று வெள்ளிக் காசுகளைக் கொடுத்துவிட்டு வருவார். உண்ணாமலிருப்பது ஒரு தர்மம்; உண்டதற்கு உழைத்தவனைத் தேடிச் சென்று அவனுக்குச் சேரவேண்டியதைச் சேர்ப்பது அதனிலும் கடினமான தர்மம். அவருக்குப் பின், 19-ஆம் நூற்றாண்டில், அடிமை தொடாத பஞ்சில் நெய்த துணியை மட்டும் விற்கும் கடைகளைக் குவேக்கர் சிலர் பிலடெல்பியாவிலும் சின்சினாட்டியிலும் நடத்தினர். விலை கூடுதல், துணி முரடு, சரக்குக் குறைவு. வாங்குவோர் சிலரேயாகி அம்முயற்சி தளர்ந்தது. விலகியவரின் மனம் தூய்மையடைந்ததேயன்றி, வயலிலிருந்தவனின் விலங்கு அதனால் அறுபடவில்லை.

புலாலுக்கும் உடைக்கும் உவமை பொருந்தாமற் போகும் இடம் இதுதான். ஊனை மறுத்தால் ஓர் உயிர் பிழைக்கிறது. சட்டையை மறுத்தால் சாவாரில் ஒரு பெண்ணின் வேலை போகிறது. அவள் நம்மிடம் துறவை வேண்டவில்லை. பூட்டாத வாயிலையும், பிளவுபடாத தூணையும், பசியாறும் கூலியையும், மேற்பார்வையாளனின் கைக்கு அஞ்சாத பணிநேரத்தையும் அவள் வேண்டுகிறாள். ஆகவே உடுத்துவோனுக்கு உரிய பரிகாரம் விலகுதலன்று, விசாரித்தல். விசாரித்து, கிடைத்த விடைக்கு ஏற்ப வாங்குவதையும் மறுப்பதையும் அமைத்துக்கொள்ளுதல். விசாரணைக்குப் பயனில்லை என்பாருக்கு ஒரு சான்று: பெருங் கண்டனத்துக்குப் பின்னரே நைக்கி நிறுவனம் 2005-இல் தன் ஆலைகளின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது, அதே ஆண்டில் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனமும் வெளியிட்டது. அதுவரை வணிக ரகசியம் என்றிருந்தது அன்றுமுதல் யாரும் படிக்கக்கூடிய ஏடாயிற்று.

ராணா பிளாஸா இடிந்தபின், நிறுவனங்கள் தொழிற்சங்கங்களுடன் சேர்ந்து சட்டப்படி கட்டுப்படும் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்று 2013 மே மாதத்தில் எழுந்தது. இருநூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் காலப்போக்கில் அதில் ஒப்பமிட்டன. வால்மார்ட்டும் கேப்பும் சேராமல், தாமே வேறொரு கூட்டணி அமைத்துக்கொண்டன. அமெரிக்க நீதிமன்றங்களில் எல்லையற்ற பொறுப்புக்கு ஆளாக நேரும் என்பது கேப் கூறிய காரணம். பின்னர் 2021-இல் நம் திண்டுக்கல் மாவட்டத்தில், பன்னாட்டுக் கடைகளுக்கு உடை தைத்துவந்த ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம் தலித் பெண், அங்கிருந்த மேற்பார்வையாளனாலேயே கொல்லப்பட்டாள். பெண்கள் தலைமையேற்ற தமிழகத் தொழிற்சங்கம் ஒன்று விடாது போராடியதன் பயனாக, பாலியல் கொடுமையையும் சாதிக் கொடுமையையும் தடுக்கவும், முறையிடும் தொழிலாளியைப் பழிவாங்காமல் காக்கவும், தவறும் ஆலைக்கு ஆர்டரைக் குறைக்கவும் வகைசெய்யும் திண்டுக்கல் ஒப்பந்தம் 2022-இல் உருவாயிற்று. அதில் கையெழுத்திட்ட நிறுவனங்களுள் கேப்பும் ஒன்று. கடையில் ஒரு சட்டையைக் கையில் எடுக்கும் வாசகர், அதை விற்கும் நிறுவனம் தன் ஆலைகளின் பெயரை வெளியிட்டிருக்கிறதா, இத்தகைய உடன்படிக்கை ஒன்றிலேனும் ஒப்பமிட்டிருக்கிறதா என்று அந்நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கவேண்டும்; விடை வராவிட்டால் மீண்டும் கேட்கவேண்டும்.